ஒரே கோட்டில் முப்பத்தொரு தாள்கள்

எங்கள் ஊரில் பெயரைக் கேட்கிறவர்களுக்குப் பெயர் போதாது. "முழுப் பெயர்?" என்பார்கள். பெயர், அப்பா பெயர், அதன் வாலாகக் குடும்பப் பெயர். அந்த வாலில்தான் சாதி தெரியும், அதற்காகத்தான் கேள்வியே. அது வாயிலிருந்து வந்ததும் கேட்டவர் முகத்தில் சிரிப்பு கூடும், இல்லாவிட்டால் காணாமல் போகும். ஔரங்காபாத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, காணாமல் போகிற சிரிப்பைத்தான் அதிகம் தெரியும்.

அதனால்தான் கேள்வித்தாள் தயாரித்தபோது முதல் கேள்வியாக அதையே எழுதினேன். "என் குடும்பப் பெயரைச் சொன்ன பிறகு எதிரில் இருப்பவரின் பேச்சு மாறுகிறது." ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. உளவியல் துறைத் தலைவி தாம்லே மேடம் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ரஞ்சனா" என்றார். நான் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். அந்தப் பாராட்டில் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன்.

இந்தக் கேள்வித்தாள் பிறந்ததே ஆம்ரபாலி கரத் என்ற முதலாம் ஆண்டுப் பெண்ணால். விடுதி மெஸ்ஸில் சில தட்டுகளின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறார்கள், அந்தத் தட்டு தலித் பெண்களான எங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்று அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். வார்டன் அது கற்பனை என்றாள். கல்லூரி ஒரு குழு போட்டது. விடுதிப் பெண்கள் எல்லோரிடமும் பெயரில்லாமல் கருத்துக் கேட்பது, சராசரி மூன்றைத் தொட்டால் வார்டன் மேல் விசாரணை, தொடாவிட்டால் புகார் பொய், ஆம்ரபாலி அறையைக் காலி செய்ய வேண்டும். அவள் ஊர் ஜால்னாவைத் தாண்டி உள்ளே. தினமும் வந்துபோக பஸ் கிடையாது. அறை போனால் படிப்பும் போயிற்று.

எனக்கு அப்போதே எரிந்தது. பத்துப் பேர் தட்டில் நெய், ஒருத்தி தட்டில் மண். சராசரி பார்த்தால் எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள். "பேர் வேண்டாம், சாதிப் பிரிவை மட்டும் தாள்ல கேட்டு, எங்க பொண்ணுங்க தாளைத் தனியா பிரிச்சுப் பார்ப்போம் மேடம்" என்று கேட்டேன்.

"சாதிவாரியா பிரிக்கிறதே சாதி பார்க்கிறதுதானே, ரஞ்சனா?" என்றார் மேடம். இந்தக் கேள்விக்குக் கைதட்டுகிறவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள்.

தாள்கள் வந்தன, கணினியில் ஏற்றினோம். அறிக்கையை மேடமே எழுதினார். சராசரி இரண்டு புள்ளி ஆறு. "தீங்கான அனுபவங்கள் குறைந்த அளவிலேயே உள்ளன" என்று முடித்திருந்தார்.

குழு கூடுகிற அன்று காலை ஆம்ரபாலி துறை வாசலில் நின்றாள். யாரோ சராசரியைச் சொல்லிவிட்டார்கள்.

"எப்படி அக்கா குறைஞ்சுது? நான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டேன். என் ரூம்ல ரெண்டு பேரும் அப்படித்தான் போட்டாங்க. பக்கத்து ரூம்லயும்."

"எல்லாத்துக்குமா?"

"லூசா நான்? 'விடுதியில் எல்லோரும் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள்'னு ஒண்ணு இருந்துச்சு. 'எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள்'னு ஒண்ணு. அது ரெண்டுக்கும் ஒண்ணு போட்டேன். படிச்சுப் பார்த்துதான் போட்டேன்."

நேராகப் போய் மேடத்தின் கோப்பைத் திறந்தேன்.

அந்த இரண்டும் தலைகீழ்க் கேள்விகள். படிக்காமல் டிக் அடித்துத் தள்ளுகிறவர்களைப் பிடிப்பதற்காகவே வைப்பது. எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டவள் இவற்றுக்கும் ஐந்து போட்டால் அவள் படிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் இவை மற்ற கேள்விகளோடு ஒட்டவில்லை, எடுத்துவிட்டால் அளவுகோலின் நம்பகத்தன்மை எண் ஏறுகிறது என்று மேடம் முதலில் இந்த இரண்டையும் நீக்கியிருந்தார். இதைப் பலரும் செய்வார்கள். அதற்குப் பிறகுதான், எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்ட தாள்களை "கவனமின்றி நிரப்பியவை" என்று தள்ளியிருந்தார். பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வீடு திறந்து கிடக்கிறதே என்று வீட்டுக்காரியைத் திட்டுவது போல.

தள்ளப்பட்ட தாள்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு தாள்களில் எல்லாம் ஒன்று, தலைகீழ்க் கேள்விகளிலும் ஒன்று. அவர்கள் நிஜமாகவே படிக்கவில்லை, தொலையட்டும். மீதி முப்பத்தொன்றில் எல்லாம் ஐந்து, அந்த இரண்டில் மட்டும் ஒன்று. முப்பத்தொரு பெண்கள் ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார்கள். அதிகம் அடிபட்டவர்கள் அவர்கள்தான், அதனால்தான் அவர்களை வெளியே தள்ளியிருக்கிறோம். கொஞ்சமாக வலிக்கிறது என்று சொன்னவளை நம்பினோம். முழுக்க வலிக்கிறது என்றவளைக் கவனமில்லாதவள் என்றோம். அவர்களைத் திரும்பச் சேர்த்துக் கூட்டினேன். மூன்றுக்கு மேல் வந்தது.

கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியதும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வழக்கமான முறைதான், ரஞ்சனா. யாரும் வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடலாம் மேடம். அறிக்கையை மாத்துங்க."

"பதினோரு மணிக்குக் குழு. அனுப்பியாச்சு."

தாள்களை அள்ளிக்கொண்டு நானே போனேன். முதல்வர் இனாம்தார் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குறிப்பெழுதும் குமாஸ்தா. ஆம்ரபாலி சுவரோரம் நின்றிருந்தாள், நாற்காலி காலியாக இருந்தும். அறையைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு தட்டச்சாகி அவர் முன்னால் கையெழுத்துக்குக் கிடந்தது. எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே அடித்துவிட்டார்கள் போலும்.

நான் தாள்களைப் பரப்பி, நடந்ததைச் சொன்னேன். பின்னாலேயே வந்து சேர்ந்த மேடம் மறுக்கவில்லை. "நீக்கின வரிசை தப்பா இருக்கலாம்" என்று மட்டும் மேசையைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவாவது சொன்னாரே.

இனாம்தார் பொறுமையாகக் கேட்டார். சிரித்த முகம். "நல்லா வேலை பார்த்திருக்கியேம்மா. உன் பேரு என்ன?"

"ரஞ்சனா."

"முழுப் பேரும்மா."

அறையில் எல்லோருக்கும் தெரியும் எதற்குக் கேட்கிறார் என்று.

"ரஞ்சனா பீம்ராவ் ஹிவாளே."

சிரிப்பு போய்விட்டது. "ஓ. சரி சரி." பேனாவைக் கையில் எடுத்தார். "பாருங்க, சம்பந்தப்பட்டவங்க பண்ற கணக்கை நாம எப்படி எடுத்துக்கிறது? தாம்லே மேடம் அறிக்கையே இருக்கட்டும்."

"அறிக்கை குடுத்தப்ப மேடத்தோட முழுப் பேரைக் கேட்டீங்களா சார்?"

நான் வெற்றுக் கேள்வித்தாள் ஒன்றை அவர் முன்னால், அந்த உத்தரவின் மேலேயே வைத்தேன்.

"முதல் கேள்வியைப் படிங்க சார். சத்தமா."

அவர் படித்தார். சத்தமாக இல்லை, கண்ணால். கண் அந்த வரியிலேயே நின்றது.

"இந்தக் கேள்விக்கு நான் அஞ்சு போடுறேன்" என்றேன். "இப்ப நடந்ததை இந்தக் குமாஸ்தா அண்ணன் குறிப்புல எழுதட்டும். நீங்க கேட்டது, நான் சொன்னது, அதுக்கப்புறம் நீங்க சொன்னது, எல்லாம். அதை எழுதிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

குமாஸ்தா என்னைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். அவருடைய குடும்பப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

இனாம்தார் பேனாவை மூடினார். "வேற ஆளை வச்சு மறுபடியும் எண்ணச் சொல்றேன். அதுவரைக்கும் ஒத்திவைக்கிறோம்."

வராந்தாவில் ஆம்ரபாலி என் கையைப் பிடித்தாள்.

"கையெழுத்துப் போடல இல்ல அக்கா?"

"போடல."

"அப்ப ரூம் இருக்கு." மூச்சை விட்டாள். "வாங்க, மெஸ்ல சாப்பிடலாம். பாக்ரி ரொட்டியும் கடலைமாவு பிட்லாவும் இன்னிக்கு. உங்களுக்கும் புள்ளி வச்ச தட்டு ஒண்ணு தருவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் போனேன். தந்தார்கள்.