யாருடைய ஐந்து?

"அஞ்சாம் நம்பர் வட்டை அழிச்சிடு. பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுங்கதான். எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்தியாச்சு," என்றாள் அண்ணி போனில்.

மருத்துவமனையின் முதல் மாடியில், லேப் கம்ப்யூட்டர் முன்னால் அண்ணி இருந்தாள். நாத்தனார் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையின் தகவல் முழுவதும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரே அலமாரியில் இருந்தது. லேபுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று என்று பங்கு பிரித்த வட்டுகள். அழித்தால் அழித்ததுதான்.

"'பயன்பாட்டில் உள்ளது'ன்னு கத்துது அண்ணி."

"லேப் மெஷின்லேர்ந்து நான் இன்னும் அதைக் கழட்டிவிடலை, அதான். உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கத்தும்."

"எங்க அண்ணன் கத்தறதுக்கு மெஷின் என்ன பண்ணும், பாவம்!"

நாத்தனார் 'அழி' என்ற கட்டத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோனாள்.

"அட, சொல்ல மறந்தே போயிட்டேன். அம்மா போன் பண்ணாங்க. முட்டிவலி தாங்கலையாம்," என்றாள் அண்ணி.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "காலையிலகூட நல்லாத்தானே நடந்தாங்க?"

"ஐயோ, எங்க அம்மா! உங்க அம்மா இல்ல."

"ரெண்டு பேரையும் அம்மா அம்மான்னா, யாரோட அம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க சொன்ன அஞ்சு யாரோட அஞ்சு?"

"இதென்ன கேள்வி? என் திரையில அஞ்சுன்னு இருக்கு."

"லேப் மெஷின் தனக்கு வந்ததை மட்டும் எண்ணுது. அலமாரி எல்லாத்தையும் எண்ணுது. உருவாக்கும்போதே போட்ட நீள நம்பர் ஒண்ணு இருக்குமே, அது யார் பார்த்தாலும் மாறாது. அதுல கடைசி நாலு எழுத்தைப் படிங்க."

"ஏ, ஏழு, மூணு, சி."

இவள் திரையின் ஐந்துக்கோ ஒன்பது, நான்கு, பி, இரண்டு. ஸ்கேன் வட்டு. அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்று காலை எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். அவற்றுக்கு இன்னும் நகல்கூட எடுக்கவில்லை.

"என்னடி, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. படமும் இருக்கு."

லேபின் ஐந்து, அலமாரிக்குப் பதினொன்று. அண்ணி அதைக் கழட்டிவிட்டு நான்கு எழுத்தையும் மறுபடி படிக்க, இவள் திருப்பிச் சொல்லி, அதை மட்டும் அழித்தாள். மிச்சம் இருந்தவற்றுக்கெல்லாம் யாருக்கு, எதற்கு, கடைசி நான்கு எழுத்து என்ன என்று பெயர் போட்டு முடிக்கும்போது மதியமாகிவிட்டது.

தன் அம்மாவுக்கும் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. இவளுக்கு அம்மா, அக்கம்பக்கத்துக்கு அக்கா. அப்பாவுக்குக்கூட வெறும் 'இந்தா'தான்.

வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் அம்மாவின் முழுப்பெயரைச் சொன்னாள்.



"ஆமாங்க, நான்தான்," என்றது அம்மாவின் குரல், வெகு மரியாதையாக. "நீங்க யாரு பேசறது?"