ஒரு வினாடி அசையாதவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய டிஜிட்டல் கேமராவிலிருந்து வந்தது. திண்டுக்கல்லில் மரியராஜின் ரிப்பேர் கடையில் வாங்கினேன். ஆட்டோ வேலை செய்யாது, அதனால்தான் மலிவு. வெளிச்சம், வேகம், ஃபோகஸ் எல்லாவற்றையும் கையால்தான் வைக்க வேண்டும். பழகுவதற்காக நானும் என் மனைவி ரோசலினும் சேர்ந்து நின்று எடுத்த மூன்றாவது படத்தில் ஒன்று நடந்தது. அதை அப்படியே எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே அகரத்தில் இனிகோ என்று ஒருவரை உண்டாக்கி அவர் தலையில் போடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக வாரப் பத்திரிகைகளில் இதுதான் என் பிழைப்பு.

2

தொடக்கம் ஒன்று: "அன்று அகரத்தில் வானம் கறுத்துக்" (வேண்டாம். வானம் கறுத்தால் வாசகர் உஷாராகிவிடுவார்.)

தொடக்கம் இரண்டு: "ரீனா கேமராவை ஸ்டூலில் வைத்தாள்." (இது போதும்.)

ரீனா இனிகோவின் மனைவி. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தானே படம் எடுப்பதாகச் சொல்லிவிட்டாள். முன்கூட்டிப் பழகிப் பார்த்த மத்தியான நேரம், வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. ஷட்டர் ஒரு வினாடி திறந்திருக்கும்படி வைத்தாள். டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து கணவனுக்கும் கொழுந்தன் ஆனந்த்ராஜுக்கும் நடுவில் நின்றாள்.

"என்ன மதினி, பெட்டியைச் சுத்தி நிக்கிற மாதிரி நிக்க வச்சிட்டீங்க?" என்றான் ஆனந்த்ராஜ்.*

படத்தில் ரீனாவுக்கு இரண்டு முகவாய். ஆனந்த்ராஜ் வெறும் புகை. ஒரு வினாடியில் மனிதர்கள் அசைந்துவிடுவார்கள், சரிதான். இனிகோ மட்டும் கண்ணிமை மயிர் வரை தெளிவாக இருந்தார். இரண்டாவது படத்திலும் அப்படியே. மூன்றாவதற்கு ரீனா வேண்டுமென்றே அவர் இடுப்பில் கிள்ளினாள். அவர் சிரித்தார். அவள் காதால் கேட்டாள்.

படத்தில் அவர் சிரிக்கவில்லை.

* எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று கடைசிப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

3

இனிகோமேல் எனக்குத் திருப்தி இல்லை. முதலில் அவரை வாத்தியாராக எழுதினேன். வாத்தியார் அசையாமல் நிற்பது ஒரு அதிசயமா? அதை அடித்துவிட்டுப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரராக்கினேன். காலையெல்லாம் ஏலம் கூவுகிறவர். தூக்கத்திலும் கையை ஆட்டுகிறவர். அவர் நின்றால்தான் பயம் வரும்.

(எனக்கு வந்துவிட்டது.)

4

ரீனா படங்களை மரியராஜிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் சொன்னதன் சுருக்கம் இது: கேமரா முன்பு பெலிக்ஸ் என்பவருடையது. பெட்டிப் படம் எடுப்பதுதான் அவருக்குப் பெரும்பாலும் வேலை. இறந்தவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்க வீட்டார் சம்மதிப்பதில்லை, ஆகவே ஒரு வினாடி வைப்பார். அழுகிறவர்கள் எல்லாம் கலங்கி விழுவார்கள். படுத்திருப்பவர் மட்டும் தெளிவாக விழுவார்.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்ல சார். அசையாதவங்க தெளிவா விழுவாங்க, அம்புட்டுத்தான்."

[ரீனாவிடம் எப்படி 'சார்' என்பார்? திருத்த வேண்டும். திருத்தவில்லை.]

அப்புறம் பெலிக்ஸ் ஏன் விற்றார் என்று கேட்டதற்கு மரியராஜ் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைசியா எடுத்த படத்துல ரெண்டு பேரு தெளிவா விழுந்துட்டாங்க. ஒருத்தர் பெட்டியில. இன்னொருத்தர் பக்கத்துல நின்னவரு. முப்பதாம் நாள் பூசைக்குள்ள அவரையும் அடக்கம் பண்ணிட்டாங்க."

5

முடிவு அ: இனிகோ சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், அவ்வளவுதான். ரீனா நெஞ்சில் கைவைத்துச் சிரிக்கிறாள். பத்திரிகை இதைச் சந்தோஷமாகப் போடும். ஆனால் அந்தச் சிரிப்பு படத்தில் ஏன் இல்லை?

முடிவு ஆ: "முப்பதாம் நாள் காலை, பூ மார்க்கெட்டில் இனிகோவின் கடை மட்டும்"

முடிவு இ எழுதவில்லை.

6

கிள்ளியது நான். சிரித்தது ரோசலின். அதை நான் கற்பனை செய்யவில்லை.

அந்தப் படம் எடுத்து இன்று இருபத்தொன்பதாம் நாள். படத்தைக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டாள். தவறி அழிந்துவிட்டது என்றேன். டாக்டரிடம் போவோம் என்றால், எதற்கு என்பாள். என்ன சொல்வேன்?

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இனிகோவை நிற்கவிடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிகோ சட்டை மாற்றுகிறார், பைக்கை உதைக்கிறார், செம்பட்டி போகிறார், சம்பங்கி மூட்டையைத் தூக்குகிறார், யாரையோ திட்டுகிறார், திரும்பி வருகிறார். கதையை முடித்தால் அவர் எங்காவது நின்றாக வேண்டும். அதனால் முடிக்க மாட்டேன்.

"இம்புட்டு நேரமா என்னத்தங்க எழுதுறீங்க? சோறு ஆறுது" என்று ரோசலின் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். இன்னும் ஒரு வரி என்றேன். கரண்டிச் சத்தம் நின்றது. காலடி கேட்டது. இந்த அறை வாசலில் வந்து நின்றுவிட்டாள் என்று தெரிகிறது.

நான் திரும்பவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அவள் அசைகிறாளா, சொல்லுங்கள்.