பக்கிரிசாமி பெயரில் வந்த எண்

'அதுல உன் பேரே இல்லையேக்கா' என்கிறானே தம்பி, இந்த வீட்டில் என் பெயர் எதில்தான் இருக்கிறது? லைட் பில் அப்பா பெயரில். டெலிபோன் அவன் பெயரில். அம்மா செத்தபோது பேப்பரில் போட்ட அறிவிப்பில், 'மகன் ராமதாஸ், மருமகள் தனலெட்சுமி மற்றும் குடும்பத்தார்'. அந்தக் குடும்பத்தார் யார்? ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சட்டி வைத்து எடுத்த நான்தான்.

ஜெயலெட்சுமி இதில் ஒரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைமேல் கிடந்த பழுப்பு உறையைப் பார்த்தபடி நின்றாள். கோபத்தில் காது மடல் இரண்டும் சுட்டன.

உறை புதன்கிழமை தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பினாங்குப் பாலத்தில் நடக்கவிருந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டிய எண் அதற்குள் இருந்தது. துணியில் அச்சடித்த 614. கூட வந்த அட்டையில் 'பக்கிரிசாமி ஜெ., ஆண்கள் பிரிவு' என்று போட்டிருந்தது. அடையாள அட்டையான ஐசியில் இருக்கிறபடியே பதிவுப் பாரத்தில் அவள் தன் பெயரை எழுதி, 'மகள்' என்பதற்கான 'ஏ/பி' போட்டு, அப்பா பெயரையும் எழுதியிருந்தாள். பதிவு செய்த யாரோ கடைசியில் இருப்பதுதான் ஆளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்று, எழுபத்து மூன்று வயதில் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அப்பாவை ஓட்டக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலை ஸ்டோரில் அவளோடு வேலை செய்யும் நோர்மா இதைக் கேட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "உங்க அப்பாவுக்கு இந்த வயசுல நல்ல தெம்புலா!" பிறகு அவளே போன் செய்து விசாரித்தாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐசியைக் கொண்டுபோய்க் காட்டினால் மாற்றித் தருவார்களாம். அவ்வளவுதான் விஷயம்.

இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி ராமதாஸ் அந்த அட்டையைப் பார்க்கும்வரை அவ்வளவுதான்.

"யோசிச்சுப் பாருக்கா. ஆண்கள் பிரிவு. பக்கிரிசாமி. நானும் பக்கிரிசாமி மகன்தானே? அந்த 'ஜெ'யை யாரு உத்துப் பாக்கப்போறா? சாமியே அனுப்பின மாதிரி இருக்குலா!"

இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருக்கும் ராமதாஸ், தன் மேலாளரோடு சேர்ந்து பாலத்தில் ஓடப்போவதாக இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தான். பாரம் அவனுடைய கெரெத்தாவின் பின்சீட்டிலேயே கிடந்து, கடைசித் தேதியும் போய்விட்டது. அதை ஆபீஸில் யாரிடமும் அவன் சொல்லவில்லை.

"அவங்க ஆபீஸ்ல டி-சர்ட்கூட அடிச்சாச்சுக்கா" என்றாள் தனலெட்சுமி. "முதுகுல இவரு பேரு போட்டு."

"போன வாரம் எத்தன நாள் ஓடின தம்பி?"

"நான் ஸ்கூல்ல ஹவுஸ் சாம்பியன்கா."

"போன வாரம் கேட்டேன்."

"மனசுதான்கா முக்கியம். காலு தானா வரும்." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை மாற்றினான். "சரி, நீயே சொல்லு. சுகருக்குத்தானே ஓடுற? உடம்புக்கு ஓடறவங்களுக்கு நம்பர் எதுக்கு? கர்னி டிரைவ் கடற்கரை எங்கயும் ஓடிப்போயிடல. போய் ஓடு. யாரு வேணாங்கிறா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சரியான இடத்தில் குத்திவிட்டான். அவன் கேட்ட கேள்வியை அவள் தன்னைத்தானே எத்தனையோ முறை கேட்டு வெட்கப்பட்டிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த வாரமே தனக்கும் சுகர் எட்டிப்பார்க்கிறது என்று ஜெயலெட்சுமிக்குத் தெரிந்தது. பயத்தில் நடக்கத் தொடங்கினாள். ஒன்பது நாள். மழை வந்தது, நின்றுபோனாள். மறுபடி தொடங்கினாள். பதினான்கு நாள். செத்துவிடுவோம் என்ற பயம்கூடப் பதினான்கு நாளைக்குத்தான் காணும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். தனக்குத் தானே கொடுத்த வாக்கை மீற அவளுக்கு ஒரு தலைவலி போதும். மழை மேகம் போதும்.

பிறகு ஒருநாள் நோர்மா பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கான பாரத்தை அவள் மேசையில் வைத்தாள். விளையாட்டாகக் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து பெர்ரிக் கப்பலை விட்டு இறங்கியதும் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, ஓடப் போனது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, தேதி இருக்கிறது, எங்கோ ஒரு பட்டியலில் தன்னை எதிர்பார்க்கிறார்கள். தன்னிடம் சுலபமாகப் பொய் சொல்ல முடிந்த அவளால் அந்தத் தாளிடம் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்த பாரத்தை எழுதிவிடுவாள். எப்போதும் கடைசியில்தான் வருவாள், தண்ணீர் மேசைகளை மடக்கி லாரியில் ஏற்றும் நேரத்துக்கு. கர்னி டிரைவில் பையன்கள், "அக்கா, பஸ் போயிடுச்சு! டாக்சி புடிங்க!" என்று கத்துவார்கள். கத்தட்டும். மூன்று வருடமாகச் சுகர் ஏறவில்லை.

இதை இவனிடம் எப்படிச் சொல்வது? எண் இல்லாவிட்டால் நான் உட்கார்ந்துவிடுவேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னால், அதுதான் மனசு பலம் இல்லை என்பது என்பான். தன் பலவீனத்தைத் தானே கண்டுபிடித்து, அதற்கு ஒரு முட்டுக் கொடுத்து நிற்கிறவளிடம் வந்து அந்த முட்டுக் கொம்பை உருவிக் கேட்கிறான். அதுவும் எதற்கு? டி-சர்ட்டுக்கு!

"ஜெயா" என்று அப்பா நாற்காலியிலிருந்து கூப்பிட்டார். "குடுத்துடும்மா. ஆம்பளப் புள்ள, நாலு பேரு முன்னால சொல்லிட்டான். உனக்கு அடுத்த வருஷம் வராமயா போயிடும்?"

அடுத்த வருஷம். காலில் புண் வந்தபோது அம்மாவும் இப்படித்தான், தீபாவளி கழியட்டும் என்றாள். தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கும் அந்தக் காலோடு நின்று முறுக்குச் சுட்டாள். யாராவது ஒருவர், அப்பாவோ இவனோ, அடுப்பை அணைத்துவிட்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னார்களா? நானாவது சொன்னேனா? கோபம் அவளுடைய பக்கமும் திரும்பியது. தட்டுகளையெல்லாம் சுவரில் வீச வேண்டும் போலிருந்தது.

"என்னக்கா, பேச மாட்டேங்கிற? ஒரே ஒரு தடவைதானே. நான் எடுத்துக்கறேன், சரியா?" ராமதாஸ் கையை நீட்டினான்.

ஜெயலெட்சுமி அவனுக்கு முன்னால் உறையை எடுத்தாள். அட்டையையும் துணியையும் உள்ளே சரியாக வைத்தாள். அலமாரியிலிருந்து தன் ஐசியை எடுத்து அவற்றோடு போட்டு, கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"இல்ல தம்பி" என்றாள். "நான் ஓடணும்."