சம்பந்தி என்ன பெட்ரோல் போடுகிறார்?

மெத்தைக்கடைக்காரர் பிக்கப் வண்டி வாங்கியதற்கு மெத்தை ஒரு காரணம், சம்பந்தி இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று அவர் மனைவியைக் கேட்டால், தையல் மெஷினை நிறுத்தாமலே பதில் சொல்லிவிடுவாள். அதே ஊரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் டைல்ஸ் வியாபாரம். மகளின் மாமனார் சாம்பல் நிறத்தில் ஒரு பிக்கப் வைத்திருந்தார். ஆறே மாதத்தில் அதே கம்பெனி, அதே மாடல், அதே சாம்பல் நிறத்தில் மெத்தைக்கடை வாசலிலும் ஒன்று வந்து நின்றது.

வண்டி எடுத்த அன்றே பெட்ரோல் பங்க்கில் மாட்டிக்கொண்டார். குழாய் பக்கம் கையை நீட்டியபடி அங்கே நின்ற பெண் கேட்டாள்:

"எந்தப் பெட்ரோல் சார்? தொண்ணூத்தொண்ணா, தொண்ணூத்தஞ்சா, தொண்ணூத்தெட்டா?"

அவருடைய பழைய ஸ்கூட்டரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பார்த்ததுமே மலிவானதைச் செருகிவிடுவார்கள். இப்போது முதல் முறையாக மரியாதையோடு கேட்கிறார்கள், அவருக்கோ பதில் தெரியவில்லை. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"நடுவுல உள்ளதைப் போடும்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத நாளெல்லாம் அவரைக் காப்பாற்றிய வழி அது. சில சமயம் காலை வாரியும் விட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்திக்குப் போன் போட்டார். ஊர் நிலவரம், மகள் நலம் எல்லாம் பேசிவிட்டு, "அப்புறம் சம்பந்தி, நம்ம வண்டிக்கு இந்தத் தொண்ணூத்தஞ்சு போட்டா..." என்று இழுத்தார்.

"தொண்ணூத்தஞ்சா?" சம்பந்தியின் குரலில் துக்கம் விசாரிக்கிற தொனி வந்துவிட்டது. "யாரு சொன்னா உங்களுக்கு? வாங்கின நாள்லேர்ந்து நான் தொண்ணூத்தெட்டைத் தவிர வேற தொட்டதில்ல. சொட்டுக்குச் சொட்டு சத்து, சம்பந்தி. மேட்டுல ஏத்திப் பாருங்க, தெரியும்."

"சும்மா கேட்டேன். நானும் தொண்ணூத்தெட்டுதான்" என்று மெத்தைக்கடைக்காரர் போனை வைத்தார். சொன்ன பொய்யை மெய்யாக்க, டாங்க்கில் இருந்த தொண்ணூற்றைந்தைத் தீர்ப்பதற்காகவே மறுநாள் காலை வெறும் வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டினார். முள் கீழே இறங்கியதும் நேராகப் பங்க்குக்குப் போய், பக்கத்து வண்டிக்காரருக்கும் கேட்கும்படி, "தொண்ணூத்தெட்டு! ஃபுல்!" என்றார்.

அன்றிலிருந்து வண்டி பறந்தது. அவர் அப்படித்தான் சத்தியம் செய்தார். ஆக்சிலேட்டரை மிதித்தால் தூக்கிக்கொண்டு போகிறதாம், மேட்டில் மூச்சே வாங்குவதில்லையாம். கடைக்கு வருகிறவர்களிடம் பஞ்சு, ஸ்பிரிங் பேச்செல்லாம் குறைந்து ஆக்டேன் என்கிற அந்த நம்பர் பேச்சு கூடியது. முதுகுவலிக்கு எந்த மெத்தை நல்லது என்று கேட்க வந்த ஒரு டீச்சரம்மாவை வாசலுக்கு அழைத்துப்போய், வண்டியின் உறுமலைக் கேட்கச் சொன்னார். பாவம், டீச்சரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"நாம ஏத்துறது மெத்தை. கயிறு கட்டலைன்னா அதுவே பறந்துடும். அதுக்கு எதுக்குங்க இவ்வளவு சத்து?" என்றாள் மனைவி, உறைக்கு ஜிப் வைத்துத் தைத்தபடி.

"உனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

"சரி" என்றாள். மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது மாதம் வண்டி பேச ஆரம்பித்தது. ஹாஸ்டல் ஒன்றுக்கு மெத்தைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கீழேயிருந்து 'கடகட கடகட' என்று ஒரு சத்தம். மெத்தைக்கடைக்காரர் வண்டியை ஓரம்கட்டினார். சம்பந்தியைக் கேட்டார்.

"முதல் நாள் தொண்ணூத்தஞ்சு போட்டீங்கல்ல? அதோட வேலைதான். உள்ள தங்கியிருக்கும்" என்று அடித்துச் சொன்னார் சம்பந்தி. நானும் தொண்ணூத்தெட்டுதான் என்று சொன்னது மெத்தைக்கடைக்காரருக்கு அப்போது மறந்துவிட்டது. இன்ஜினைக் கழுவும் என்று சம்பந்தி சொன்ன மருந்தை இரண்டு பாட்டில் வாங்கி டாங்க்கில் ஊற்றினார். சத்தம் மருந்துக்கு அடங்கவில்லை.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனார். அவள் ஒல்லியான பெண், பேச்சு குறைவு. முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தைக் கேட்டாள். டேஷ்போர்டு அறையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தார். புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"தொண்ணூத்தொண்ணு அல்லது அதற்கு மேல். இதான் போட்டிருக்கு. நீங்க என்ன போடுறீங்கண்ணே?"

"தொண்ணூத்தெட்டு" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

"எதுக்கு?"

"சத்து..."

"அது சத்து இல்லண்ணே, பொறுமை. உள்ள அழுத்தும்போது, தீப்பொறி வர்றதுக்கு முன்னாடி தானா வெடிச்சிடாம பெட்ரோல் தாங்கணும். எவ்வளவு தாங்குதுங்கறதுதான் அந்த நம்பர். சில இன்ஜின் ரொம்ப அழுத்தும், அதுக்கு நிறையப் பொறுமை வேணும். உங்களுது சாதுவான இன்ஜின். தொண்ணூத்தொண்ணு போதும்."

"அதற்கு மேல்னும் போட்டிருக்கேம்மா?"

"போடுங்க. வண்டி கெட்டுப்போகாது. வண்டிக்குத் தெரியவும் தெரியாது."

"அப்ப அந்தச் சத்தம்?"

அவள் வண்டிக்கு அடியில் போனாள். சைலன்சர் சூடு மேலே ஏறாமல் தடுக்கிற தகட்டில் ஒரு போல்ட் லூசாக இருந்தது. ஸ்பானரைப் போட்டு இரண்டு திருப்புத் திருப்பினாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய நோய் இவ்வளவு சீக்கிரம் குணமானது மெத்தைக்கடைக்காரருக்கு அவமானமாகவே இருந்தது.

தொண்ணூற்றொன்றுக்கு இறங்கிவிடலாம் என்று மனசு சொன்னது. ஆனால் பக்கத்துப் பங்க்கில் எப்படி? அங்கே அவருக்குப் பெயரே 'தொண்ணூத்தெட்டு சார்'. அவர் வண்டி திரும்பும்போதே அந்தப் பெண் குழாயை எடுத்துவிடுவாள். ஆகவே ஊரின் மறுகோடியில், குடோன்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பங்க்குக்கு மத்தியான வேளையில் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. சாம்பல் நிற பிக்கப். பின்னால் டைல்ஸ் பெட்டிகள்.

திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கியரைத் தேடினார். அதற்குள் சம்பந்தி கண்ணாடியில் பார்த்துவிட்டார். இருவரும் இறங்கினார்கள்.

"வாங்க சம்பந்தி, என்ன இந்தப் பக்கம்?"

"டயருக்குக் காத்து அடிக்க. நீங்க?"

"நானும் காத்துதான்."

காற்று அடிக்கிற இடம் இருபது அடி தள்ளி யாரும் இல்லாமல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து பங்க் ஊழியர் சம்பந்தியின் வண்டி மூடியைத் திறந்தார்.

"வழக்கம்போல தொண்ணூத்தொண்ணுதானே சார்? ஃபுல்லா?"

சம்பந்தி வானத்தைப் பார்த்தார். மெத்தைக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"வழக்கம்போலன்னா... எவ்வளவு நாளா?" என்று மெத்தைக்கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

"முதல் வாரம் தொண்ணூத்தெட்டு போட்டேன், சம்பந்தி. சத்தியமா. வித்தியாசமே தெரியல. விட்டுட்டேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்கதான் நானும் தொண்ணூத்தெட்டுன்னீங்களே! மெத்தை ஏத்துறவர் தொண்ணூத்தெட்டு போடும்போது, கல்லு ஏத்துற நான் எந்த முகத்தோட தொண்ணூத்தொண்ணுன்னு சொல்றது?"

மெத்தைக்கடைக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. சம்பந்தியும் சிரித்தார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றுதான். வீட்டில் யாருக்கும் மூச்சு விடுவதில்லை என்று பேசிக்கொண்டு பிரிந்தார்கள்.

மாலை வரைக்கும்கூட அவரால் அதை அடக்கி வைத்திருக்க முடியவில்லை. மனைவியிடம் கொட்டிவிட்டார். அவள் தைப்பதை நிறுத்தவில்லை.

"தொண்ணூத்தொண்ணு போதும்னு எனக்கு முதல் வாரமே தெரியும். நீங்க ஹாஸ்டல்ல ஆர்டர் பேசிக்கிட்டிருந்தப்ப வண்டியில உக்காந்து அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

அவர் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புத்தகத்துல வேற என்ன போட்டிருக்கு?" என்றார்.

"ஆயில் மாத்தணும்னு போட்டிருக்கு. எப்ப, எந்த ஆயில், எல்லாம் இருக்கு. நீங்க இன்னும் மாத்தல. புத்தகம் அதே இடத்துலதான் இருக்கு, போய்ப் பாருங்க."

அவர் எழுந்து வாசல் வரை போனார். வண்டியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மனைவிக்குக் கேட்காதபடி சுவரோரம் திரும்பிக்கொண்டார்.

"சம்பந்தி, நீங்க என்ன ஆயில் ஊத்துறீங்க?"

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்துல யாரும் இல்லையே?" என்றார் சம்பந்தி.