கடைசி லெட்டர்ஹெட்

சல்மா உம்மா மூன்றாவது நாளாக மாடிப்படி ஏறி வந்தபோது மேசை லாச்சியில் ஒரே ஒரு லெட்டர்ஹெட்தான் மிச்சமிருந்தது.

நான் ஜவாத் எம்.பி.யின் செயலாளர். பெயர்தான் பெரிது. கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கணினி, என் தம்பி வேண்டாமென்று கழித்த பிரிண்டர், மக்கள் பிரதிநிதியின் அலுவலகம் இவ்வளவுதான். பாராளுமன்ற அமர்வு வாரத்தில் கொழும்புக்குப் புறப்படுமுன் சேர் பத்து வெற்று லெட்டர்ஹெட் தாள்களின் அடியில் கையொப்பம் வைத்துத் தந்துவிட்டுப் போவார். வருகிறவர்களின் குறையை நான் அதற்கு மேலே அடித்துக் கொடுப்பேன். பிழைதான். வேறு வழி எங்களுக்குத் தெரியாது. இம்முறை புதன்கிழமைக்குள்ளேயே ஒன்பது தாள் போய்விட்டது. சேர் வருவது சனிக்கிழமை.

சல்மா உம்மாவின் மகன் ஹாதிக் சாய்ந்தமருதிலிருந்து கடலுக்குப் போய் ஒன்பது நாள். எஞ்சின் பழுதாகிப் படகு அள்ளுண்டு போயிருக்கும் என்று மற்றப் படகுக்காரர்கள் சொன்னார்கள். முதல் இரண்டு நாளும் சேர் அமைச்சரிடம் பேசுவார் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இன்று, தேடச் சொல்லிக் கேட்கப் போன மீன்பிடி அலுவலகத்தில் எம்.பி.யின் கடிதம் வேண்டுமாம், அதுவும் அசல் தாளில்.

"அதக் கொண்டுபோனா தேடுவாங்களாம் மகள்."

அந்தக் கடிதம் இன்னொரு கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சேருக்கு அழைத்தேன்.

"அமைச்சரப் புடிக்கத்தான் காலயில இருந்து பாராளுமன்றத்து நடையில நிக்கன் ஆகிலா. இங்க எனக்கு ஒரு மேசயா, கதிரயா? லைப்ரரில இடம் கிடைச்சாத்தான் ஒரு வரி எழுதலாம். நீ அந்தத் தாள்ல அடிச்சிக் குடு."

பின்னால் சபை மணி அடித்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அடித்தேன். பெயர், வயது, படகின் இலக்கம், எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். தாள் பாதி தூரம் போய்ச் சிக்கியது. மூடியைத் திறந்து மெல்லத்தான் இழுத்தேன். கிழிந்து, கையொப்பம் இருந்த கீழ்ப்பாதி என் கையில் வந்தது. ஹாதிக்கின் பெயர் பிரிண்டருக்குள்ளேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சனிக்கிழம சேர் வந்திருவாரு உம்மா. வந்த உடனே..."

"அவன் கொண்டுபோன தண்ணி முடிஞ்சிரிக்கும் மகள்," என்றார் சல்மா உம்மா. குரலை உயர்த்தவில்லை. என் கையைப் பார்த்தார். "அதில சேர்ட கையெழுத்து இரிக்கிதானே?"

"ஓம். ஆனா..."

"அதத் தாங்க."

கொடுத்தேன். வேறென்ன செய்ய? சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். யன்னலால் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடிதம் கேட்ட அந்த அலுவலகப் பக்கமாகத்தான் நடந்தார், கிழிந்த தாள் மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி.