பதினாறாவது நொடியில் ஒரு கை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை நான் எழுதத் தொடங்கவில்லை. ஃபார்வர்ட் செய்துதான் தொடங்கினேன்.

தென்காசியில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. நகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்தால் சொல்வதற்காக ஆரம்பித்தது. சித்திரையில் ஒருநாள் காலை, அதில் பத்தொன்பது நொடி வீடியோ ஒன்றைப் போட்டேன். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போன விமானம் இடிமேகத்துக்கு அருகே ஆடு ஆடு என்று ஆடியதை உள்ளே இருந்த யாரோ எடுத்திருந்தார்கள். பதினாறாவது நொடியில் இடது ஓரமாகப் பச்சைச் சுடிதாரில் ஒரு பெண். பக்கத்து இருக்கைக்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறாள். அந்த ஆளின் முகம் விழவில்லை. வாட்ச் கட்டிய கை மட்டும் தெரிகிறது.

அந்தச் சுடிதாரை எதிர்வீட்டு மாடிக் கொடியில் வாரம் ஒருமுறை பார்க்கிறவன் நான். 'நம்ம சுகந்தி மாதிரி இருக்கே?' என்று கீழே எழுதினேன். கேள்விக்குறி போட்டிருப்பதைக் கவனிக்கவும். கேள்வி கேட்டவன் எதையும் சொன்னவன் ஆகமாட்டான் என்பது என் நாற்பது வருட அனுபவம்.

அன்றைக்குத் தெருவில் முக்கால்வாசிப் பேர் தண்ணீர் பிடிக்கவில்லை.

2

சுகந்தியைச் சொல்லவேண்டும். முப்பத்து மூன்று வயது. இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவள், தூத்துக்குடி விமானத்தில் இடம் கிடைக்காமல் திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை பஸ் பிடித்து வந்தாள். வைகாசியில் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சங்கிலிப்பாண்டி, வீரகேரளம்புதூர்க்காரர், ஆயுதப்படை போலீஸ். மூன்று வருடமாகத் தேடி அமைந்த இடம். (இரண்டு இடம் தட்டிப்போனதற்கான காரணங்கள் எனக்குத் தெரியும். கதைக்குத் தேவையில்லை. தேவையில்லாததைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்பதை வாசகர் உணரவேண்டும்.)

எங்கள் தெருக்காரர் பிச்சையாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பதும் வீரகேரளம்புதூரில்தான். வீடியோ அங்கே போய்ச்சேர ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அக்கா உலகம்மை சுகந்தி வீட்டுக்குப் போன் செய்து, நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்றார். அந்தக் கை யாருடையது என்று தெரிந்தபிறகு பேசலாமாம். மாப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதற்கா கெட்டதற்கா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி.

சுகந்தியின் அம்மா என் வீட்டு வாசலில் நின்று, நீங்க கெடுத்ததை நீங்களே சரிபண்ணுங்க என்று அழுதார். மாப்பிள்ளை புத்தகம் படிக்கிறவர், நான் கதை எழுதுகிற இந்தப் பத்திரிகைக்குக்கூடச் சந்தா கட்டியிருக்கிறார் என்று உலகம்மையே பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த ஒரு வரி போதுமென்றால், நடத்திவைக்க ஒரு சிறுகதை போதாதா?

3

பிரச்சினை என்னவென்றால் நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

முதல் தொடக்கம்: 'வானம் ஒரு மாபெரும் —' இல்லை. இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: 'குற்றால மலைக்கு மேல் மேகம் கருத்துத் திரண்டிருந்தது.' இது பரவாயில்லை. விமானம் ஆடிய அன்று சாயங்காலம் மலையில் இடி இடித்தது நிஜம். கோடைமழையில் விழத் தொடங்கியிருந்த அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் வழிய வழியப் பஸ் ஏறினார்கள்.*

[* அந்த நேரத்தில் விமானம் சரியாக எங்களுக்கு மேலேதான் இருந்தது என்பது என் ஊகம். கதைக்கு வசதியாக இருப்பதால் அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.]

ஆட்டம் எப்படி இருக்கும் என்று வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஜெபஸ்டினிடம் கேட்டேன். முதலில் லாரி கல்ரோட்டில் போகிற மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று ரோடே இல்லாத மாதிரி இருக்கும் என்றான். மற்றதை வீடியோவிலிருந்து எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு பெட்டிக்கதவு திறந்து பை ஒன்று தலைகளின் மேல் விழுகிறது. பணிப்பெண் ஓடிப்போய் உட்கார்ந்து பெல்ட் மாட்டுகிறாள். மூன்று மதங்களின் கடவுள்களும் ஒரே நேரத்தில் கூப்பிடப்படுகிறார்கள்.

இனி என் கைவேலை. பக்கத்து இருக்கைக்காரருக்கு அறுபது வயது கொடுத்தேன். நரை கொடுத்தேன். நெற்றியில் திருநீறும் பூசிவிட்டேன். 'விமானம் நிதானப்பட்டதும் சுகந்தி பதறிக் கையை விலக்கிக்கொண்டாள். மன்னிச்சிருங்க அண்ணே, என்றாள்.'

இதைவிடக் கச்சிதமான பத்தியை நான் எழுதியதில்லை. பிரதியெடுத்து அவள் அம்மாவிடம் கொடுத்தேன்.

4

மறுநாள் காலை சுகந்தியே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இந்த அண்ணே யாரு அண்ணாச்சி?"

"நீ சொன்னதா நான் எழுதுனது."

"நான் அப்படிச் சொல்லல. அவருக்கு அறுவது வயசும் கிடையாது. நாப்பது இருந்தாலே அதிசயம்."

ஐம்பதாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆட்டம் நின்ன பொறவும் நான் கைய எடுக்கல. கால் மணி நேரம் இருக்கும். பிளேன் தரையத் தொடுத வரைக்கும் புடிச்சிருந்தேன். அதையும் எழுதுங்க."

பயம் அவ்வளவு நேரம் இருக்கும்தானே என்று எடுத்துக்கொடுத்தேன். மனசாட்சியுள்ள எந்த எழுத்தாளனும் அதைத்தான் செய்வான்.

"மொதல்ல பயம்தான். பொறவு நல்லா இருந்துச்சி."

அந்த ஆள் பெயரென்ன என்று கேட்டேன். (கேட்காமல் இருக்க நான் என்ன முனிவனா?) பெயர் கேட்கவில்லையாம். நம்பரும் இல்லை. இறங்கும்போது அவர் தலையசைத்திருக்கிறார், இவளும் அசைத்திருக்கிறாள், அவ்வளவுதானாம். நான் நம்பினேன். கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இதை எழுதினால் கல்யாணம் நின்றுபோகும் என்று சொன்னேன்.

"நிக்கணும்னு நான் சொல்லல. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அதுக்குத்தான் சொல்லுதேன், தெரிஞ்சிட்டு வரட்டும். உங்க அறுவது வயசு அண்ணன நம்பி வந்தாருன்னா, காலம்பூரா அந்த அண்ணனையும் சேத்துல்லா நான் காப்பாத்தணும்."

நான் உண்டாக்கிய பாத்திரம் ஒன்று இப்படி வேண்டாத விருந்தாளியாக வெளியே தள்ளப்பட்டது இதுவே முதல் தடவை.

5

திருத்தினேன். அறுபது வயதுக்காரர் திருநீறோடு போய்விட்டார். 'நல்லா இருந்துச்சி' என்பதை மட்டும் 'ஆறுதலாக இருந்தது' என்று மாற்றினேன். சின்ன மாற்றம். யாருக்கும் தெரியாது.

என் மனைவி பொன்செல்விக்குத் தெரிந்துவிட்டது. அடுக்களைச் சன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். (இந்த வீட்டில் ஒட்டுக்கேட்கிறவன் நான் மட்டும்தான் என்று நினைத்தீர்களா?)

"அவ சொன்ன சொல்லு அது. அத மாத்த நீங்க யாரு?"

திரும்பவும் மாற்றினேன்.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். முதலாவதில் வைகாசி மாதத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கார் வருகிறது. இரண்டாவதில் வரவில்லை. மூன்றாவதில் காரோடு வாட்ச் கட்டிய ஆளும் வந்து சேருகிறார். அதைப் படித்துப் பொன்செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள், கிழித்துவிட்டேன். மற்ற இரண்டும் மேசையில் இருக்கின்றன. எது சரி என்று தேர்ந்தெடுக்கிற உரிமை எனக்கு இல்லை.

தம்பி சங்கிலிப்பாண்டி, உங்களுக்குத்தான். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது நிச்சயத்துக்குக் குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும். அந்தத் தேதியை மாற்றுவதற்குச் சுகந்தி ஒப்புக்கொள்ளவில்லை. வருகிறவர் அன்றைக்கே வரலாம் என்கிறாள். அந்தக் கை யாருடையது என்று உங்கள் அக்கா கேட்டதற்கு அவளிடமே பதில் இல்லை. அக்கா கேட்காததற்குத்தான் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். மேலே உள்ளதில் எவ்வளவோ என் சரக்கு, ஆனால் அவள் பேசியதில் நான் கைவைக்கவில்லை. அதை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள்.

அன்றைக்கு நான் மாடியில்தான் இருப்பேன். கார் வந்ததா, எத்தனை பேர் இறங்கினார்கள், தட்டில் என்ன நிறப் புடவை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள்.

தெரியாது என்று சொல்லப்போகிறேன்.