சீன தினத்துச் சொற்பொழிவு

1942 மார்ச் ஏழாம் தேதி, சனிக்கிழமை மாலை, சேலம் ஜில்லா தர்மபுரியில் சீன தினப் பொதுக்கூட்டம் நடந்தது. தாசில்தார் தலைமை வகித்தார்.

ஜப்பானோடு நடந்த யுத்தத்தில் சீனா நம் வெள்ளைக்கார சர்க்காரின் பக்கம். ஆகவே அதன் மேல் எல்லோரும் அன்பு செலுத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அதுவரை தர்மபுரிக்குத் தெரிந்த சீனா, தீபாவளிக்குச் சீன வெடி, பெரிய மனிதர் வீட்டில் பீங்கான் கோப்பை, அவ்வளவுதான்.

பேச்சாளர் நஞ்சப்பன், சரித்திர வாத்தியார். இரண்டு வருஷமாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தார். நாற்காலி நிரந்தரமாவதற்குத் தாசில்தாரின் சிபாரிசு ஒன்றுதான் பாக்கி. அதைக் கூட்டம் முடிந்ததும் எழுதித் தருவதாக அவரே சொல்லியிருந்தார்.

"கம்முனு ரெண்டு வார்த்த பேசிட்டு வூட்டுக்கு வாங்க. பாடம் நடத்த ஆரம்பிச்சுடாதீங்க" என்று மனைவி காசியம்மாள் சொல்லித்தான் அனுப்பினாள்.

நஞ்சப்பன் பாடம் நடத்த ஆரம்பித்தார். நாடெங்கும் தேடிப் பிடித்த ஒரே ஒரு சீன சரித்திரப் புத்தகத்தை ஒரு வாரம் கண்விழித்துப் படித்தவர், அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்? சீனச் சக்கரவர்த்தி வானத்தின் புத்திரர் என்றார். ஜப்பான்காரன் எழுத்தைக்கூட அங்கிருந்துதான் வாங்கிப் போனான் என்றார். தாசில்தாருக்கு அது பிடித்திருந்தது. தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுற்றுப்பட்ட ராஜாக்கள் காணிக்கையோடு போய்ச் சக்கரவர்த்தி முன்னால் நெற்றி தரையில் பட விழுவார்கள். முகாம் வரும் அதிகாரியை நாம் எலுமிச்சம்பழத்தோடு போய்ப் பார்ப்பதில்லையா, அதைப்போல."

முன்வரிசையில் வத்தல்மலைத் தீர்த்தன் உட்கார்ந்திருந்தான். சாமை விற்க இறங்கி வந்தவனை ஆள் சேரவில்லை என்று தலையாரி பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"ஏனுங்க சாமி, குடுத்தவங்களுக்குத் திருப்பி என்னங்க வரும்?"

"பட்டு, பீங்கான், பட்டம். கொண்டுபோனதைவிட அதிகமாகவே வரும்."

"நானும் வருசா வருசம் பழம் குடுக்கறனுங்க. பழம் போறதோட சரிங்க."

கூட்டம் சிரித்தது. தாசில்தார் கண்ணைத் திறந்தார். இங்கிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போய்விடுவது நல்லது என்று நினைத்து நஞ்சப்பன் பேச்சைச் சீனாவுக்குத் தெற்கே வியட்நாம் பக்கம் இருக்கும் அன்னாம் தேசத்துக்குக் கொண்டுபோனார்.

"அன்னாமைச் சீனர்கள் ஆயிரம் வருஷம் ஆண்டார்கள். அந்த மக்கள் சீன எழுத்தைப் படித்தார்கள், சீன உடுப்பைப் போட்டார்கள், சீனத்திலேயே கவிதை எழுதினார்கள். சீனம் படித்தவனுக்குத்தான் மதிப்பு."

கூட்டம் அசையாமல் கேட்டது. இவ்வளவு கவனமாக நஞ்சப்பனின் வகுப்பு ஒருநாளும் கேட்டதில்லை.

கடலைக்காய் மண்டி அர்ச்சுனன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அப்புறம் என்ன ஆச்சுங்க வாத்தியாரே?"

நஞ்சப்பன் இத்தோடு பேச்சை முடித்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று யாராவது கேட்டு, பதில் தெரிந்தும் சொல்லாமல் விட்ட சரித்திர வாத்தியார் இன்னும் பிறக்கவில்லை.

"கி.பி. தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஆற்றுக்குள் கூரான கம்பங்களை நட்டுச் சீனக் கப்பல்களைக் கவிழ்த்துத் துரத்திவிட்டார்கள். ஆட்சிதான் போயிற்று. எழுத்தை வைத்துக்கொண்டார்கள். சீனாவைப் பார்த்து உத்தியோகத்துக்குப் பரீட்சைகூட வைத்தார்கள்."

கைதட்டல் எழுந்தது. தலையாரிகூடத் தட்டினார். அது ஏன் ஓய மாட்டேன் என்கிறது என்பது நஞ்சப்பனுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"இது சீனாக்காரனைப் பற்றி மட்டும்தான்" என்றார் அவசரமாக.

"எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் அர்ச்சுனன். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

தாசில்தார் முடிவுரை சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது தலைமையாசிரியராகக் கிருஷ்ணகிரியிலிருந்து வேறொருவர் வந்தார். நஞ்சப்பனைப் பென்னாகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம் கொடுக்கப்பட்டது.